கூடத்திலே ஒரு சமுத்திரம்

சென்னைப் பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்குச் சமுத்திரம் என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்டல் வாங்கித் தின்கிற இடம். அலையில் காலை நனைத்துக் கொள்கிறோம். மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து விடுகிறோம். அந்தத் தண்ணீருக்குள்ளே யார் யார் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று யாராவது கேட்டால், நம்முடைய ஞானம் மீன் கடையோடு நின்றுவிடும். குழந்தைகளின் ஞானம் இன்னும் விசித்திரமானது. கைபேசியில் நீந்துகிற ஆரஞ்சு வண்ண மீனின் பெயர் அவர்களுக்குத் தெரியும்; வீட்டு அடுப்பில் கொதிக்கிற சங்கராவின் பெயர் தெரியாது!

என் பெண்ணுக்கு நாலு வயது. அவள் போகிற மழலையர் பள்ளியிலிருந்து ஒரு நாள் சீட்டு வந்தது. 'அடுத்த இரண்டு வாரமும் கடல் பிராணிகளைப் பற்றிய பாடம். வீட்டிலும் கைவேலை, விளையாட்டு மூலம் சொல்லிக் கொடுக்கவும்' என்று எழுதி, கீழே சாமான் ஜாபிதா ஒன்றும் கொடுத்திருந்தார்கள். மினுமினுப்புத் தூள், ஃபோம் அட்டை, ஒட்டுகிற பிளாஸ்டிக் கண்கள், இத்யாதி.

சீட்டை என் மாமியார்தான் முதலில் பார்த்தார். "ஏம்மா, யானை, சிங்கம், கரடியெல்லாம் தீர்ந்து போச்சாமா?" என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்து விட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அவருடைய தகப்பனார் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுனாமி வந்தது. அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மாமியாரின் கடைசித் தங்கையும், தங்கையின் ஏழு வயதுப் பையனும் அவர்களில் இருவர். அதற்குப் பிறகு மகனோடு சென்னைக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிஷ நடை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அங்கே போனதில்லை. நாங்களும் 'பீச்சுக்குப் போகிறோம்' என்று சொல்வதில்லை. 'காற்று வாங்கப் போகிறோம்' என்போம். இப்பேர்ப்பட்ட வீட்டுக்குள்ளேதான் சமுத்திரம் வரவிருந்தது.

ஜாபிதாவில் இருந்த எதையும் நான் வாங்கவில்லை. மினுமினுப்புத் தூளும் பிளாஸ்டிக்கில் செய்ததுதான். தரையைக் கழுவினால் அது கடைசியில் போய்ச் சேருகிற இடம் கடல். மீனைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு மீனின் வாயிலேயே அதைக் கொட்டுவானேன்? தவிர, கடையில் விற்கிற ஆயத்தப் பெட்டிகளில் எல்லாம் முன்பே வெட்டி, முன்பே வரைந்து வைத்திருக்கிறார்கள். பாக்கி வேலையை அம்மா முடித்து விடுகிறாள். மறுநாள் பள்ளிச் சுவரில் இருபது ஆக்டோபஸ்கள் அச்சுப் பிசகாமல் தொங்குகின்றன. அவை இருபது அம்மாக்களின் ஆக்டோபஸ்கள்! இத்தாலியிலிருந்து 1939-ஆம் வருஷம் வந்து அடையாற்றில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை கையால் தொட்டும் செய்தும்தான் அறிவை அடைகிறது என்று ஆயுள் முழுவதும் வற்புறுத்தியவர். குழந்தையின் கை என்றார். அம்மாவின் கை என்று சொல்லவில்லை.

ஆகவே சாமான்களைச் சமையலறையில் தேடினோம். மைதாவைத் தண்ணீரில் கிளறிப் பசை காய்ச்சினோம். மீனுக்குக் கண்ணாக ஒட்டுப் பொட்டு. சப்பாத்தி மாவில் ஐந்து கை வைத்து நட்சத்திர மீன். 'இதற்கு மீன் என்று பெயரே தவிர, இது மீன் இல்லை. முள் கிடையாது, செதில் கிடையாது. கைகளின் அடியில் நூற்றுக்கணக்கான குட்டிக் கால்கள் உண்டு' என்றேன். அவள் உடனே மாவை முள்கரண்டியால் குத்திக் குத்திக் கால் வைத்தாள். பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து, புடவைக் கரையை எட்டு நாடாவாகக் கிழித்துக் கட்டியதும் ஆக்டோபஸ் ஆயிற்று. அதற்கு இருதயம் மூன்று என்று நான் சொன்னபோது குழந்தை அசந்து போய்விட்டாள்.

"ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு அப்பாயிக்கா?"

"இல்லேடி கண்ணு. இரண்டு, செவுளுக்கு ரத்தம் அனுப்ப, ஒன்று, உடம்புக்கு அனுப்ப" என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அவளுடைய கணக்குத்தான் பிடித்திருந்தது.

கடல் குதிரை வந்த அன்று என் கணவர் மாட்டிக் கொண்டார். அந்த இனத்தில் குஞ்சுகளைச் சுமப்பது அப்பா. அம்மா முட்டையை அப்பாவின் வயிற்றுப் பையில் இட்டுவிட்டுப் போய்விடுவாள். சாப்பாட்டுப் பையை இடுப்பில் கட்டிக் கொண்டு, அதற்குள் காகிதக் குஞ்சுகளோடு, அவர் ஆபீஸ் டெலிபோனுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருந்த காட்சியை எங்கள் ஓவியர் பார்த்திருக்க வேண்டும்!

நீலத் திமிங்கிலத்தின் நீளத்தைப் புரிய வைப்பது எப்படி? மிகப் பெரியது 30 மீட்டர் வரை இருக்கும் என்றால் நாலு வயதுக்கு அது வெறும் சத்தம். ஒரு புடவை ஐந்தரை மீட்டர். ஐந்து புடவைகளை முனையோடு முனை முடிந்து மொட்டை மாடியில் விரித்தேன். குழந்தை தலையிலிருந்து வால் வரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. 'திமிங்கிலமும் மேலே வந்து இப்படித்தான் மூச்சு விடும். அதுவும் பால் குடித்து வளருகிற ஜீவன்தான்' என்று நான் சொல்ல வேண்டிய சமயம் தானாக வந்துவிட்டது.

கடல் பசுவுக்கு நம் பக்கத்தில் ஆவுளியா என்று அழகான பெயர் இருக்கிறது. பாக் நீரிணையில் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. அதற்காக 2022-ஆம் வருஷம் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பு இடமாக அறிவித்தார்கள். நாங்கள் பாயை விரித்து முருங்கைக் கீரைப் பொரியலை நடுவில் வைத்தோம். ஆவுளியா கைகளை ஊன்றிக் கொண்டு நாலு காலில் வந்து மேய்ந்தது. கீரை என்றால் வாயை மூடிக் கொள்கிற குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இந்த விளையாட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிறேன்.

மீன்கள் விஷயத்தில்தான் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. குழந்தை காகிதத்தை முட்டை வடிவமாக வெட்டி, வால் ஒட்டி, "மீன், மீன், மீன்" என்று அடுக்கிக் கொண்டே போனாள்.

"எல்லாம் மீனுன்னா? மனுஷங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கு?" என்று பூண்டை வைத்துவிட்டுக் கத்திரிக்கோலை வாங்கினார். தட்டு மாதிரி வாவல் வந்தது. ரிப்பன் மாதிரி வாளை வந்தது. மீசையோடு கெளுத்தி, விரல் அளவு நெத்திலி, பட்டம் போல் திருக்கை. "இதுக்கு வாய் அடியிலே இருக்கும்டி. மணல்லே படுத்துக்கிட்டே திங்கும்." கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அட்டையில் நாலு துடுப்பு ஒட்டினார்: "இது பங்குனி ஆமை."

அந்த ஆமைகள் வருஷந்தோறும் ஜனவரி முதல் சென்னைக் கரைக்கே வந்து முட்டை இடுகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. 1988 முதல் மாணவர் குழு ஒன்று இராத்திரி முழுவதும் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் வைத்து வருகிறது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துப் போகும் சுபாவம் உடையவை. இருட்டில் கடல்தான் பளபளக்கும். ஆனால் தெரு விளக்கு எரிந்தால் அதை நோக்கிப் போய்விடும். கூடத்து விளக்கை அணைத்து ஒரு மூலையில் டார்ச்சைப் 'கடலாக' வைத்தேன். குழந்தை தவழ்ந்தாள். பாதி வழியில் குளிர்ப் பெட்டியின் கதவைத் திறந்தேன். குஞ்சு திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டது! மறுநாள் முதல், ராத்திரி பால்கனி விளக்கு எரிந்தால் அதை அணைப்பது அவள் உத்தியோகம்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி விளையாடும்போது மட்டும் நான் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். சகோதரிகளும் நகரக் கூடாது. குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். அப்படி ஒரு நாள், குழந்தை தட்டால் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பினாள். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அப்பாயிக்குக் கடல் பிடிக்காதா அம்மா?"

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே திரும்பி வந்தார்.

"பிடிக்கும். சின்ன வயசிலே ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் கடல் எங்க தெரு வரைக்கும் வந்துட்டுது. அதிலே என் தங்கச்சி போயிட்டா. அதான்."

"அவங்களுக்கு நீந்தத் தெரியாதா?"

"அன்னிக்கு யாராலேயும் நீந்த முடியலேடி."

குழந்தை கொட்டாங்கச்சி ஆமையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு மறுபடியும் தொட்டிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

இரவு, பாத்திரம் கழுவுகையில், மாமியார் என்னிடம் சொன்னார்: "தண்ணி முதல்லே உள்ளே போச்சும்மா. சேத்திலே மீன் துள்ளிச்சாம். பார்க்கணும்னு அந்தப் பையன் ஓடியிருக்கான். அவனைக் கூப்பிடப் பின்னாலே இவ போயிருக்கா. ஓடி வரணும்னு ஒருத்தருக்கும் தெரியலியே!"

அதே நாளில் தாய்லாந்தில், பூக்கெட் தீவில் நடந்ததை நான் சொன்னேன். டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து விகாரமாக நடந்து கொள்வதைப் பார்த்துச் சுனாமி என்று கூவினாள். இரண்டு வாரம் முன்புதான் பூகோள வகுப்பில் படித்திருந்தாள். அவள் பெற்றோர் காவலாளிடம் சொல்ல, கரையிலிருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

"ஒரு பாடத்திலேயா?" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, எங்கள் குடியிருப்பின் பொடிசுகள் ஏழெட்டுப் பேர் மாடிப்படியில் நெருக்கியடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே மாமியார் என் நீலப் புடவையின் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு நின்றார். 'கல்லா மண்ணா'தான், ஆனால் சட்டம் புதிது. புடவை கடல். பிள்ளைகள் அதன் ஓரத்தில் விளையாடுவார்கள். அவர் மெல்ல இழுப்பார். கடல் உள்வாங்கும். தரையில் வாவலும் கெளுத்தியும் நெத்திலியும், அத்தனை காகித மீன்களும் பளிச்சென்று கிடக்கும். எடுக்கக் குனிந்தவன் அவுட்! எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படியேற வேண்டும். அலை வந்து போன பிறகும் இறங்கக் கூடாது, இறங்கினவனும் அவுட். "ஒரு அலையோட போவாது. இன்னொண்ணு வரும். நான் சொன்னாத்தான் இறங்கணும்!"

அடுத்த வீட்டு அம்மாள் என்னைத் தனியே அழைத்து, "இந்த வயசிலே இதெல்லாம் எதுக்குங்க? பயந்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். நியாயமான சந்தேகம்தான். 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு சுனாமிக்கும் முன்னால் கடல் உள்வாங்கும் என்பதும் இல்லை. பூமி பலமாக ஆடினாலே கரையை விட்டுப் போய்விட வேண்டும். ஆனாலும் எனக்கு அந்த விளையாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. படியில் அவர்கள் சிரித்த சிரிப்பில் பயம் எங்கே இருந்தது? பயம் புடவை முனையைப் பிடித்திருந்த கையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அவர் படியில் இருந்த தலைகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

பள்ளியின் இரண்டு வாரம் முடிந்து, இப்போது வண்டிகளைப் பற்றிப் பாடம் நடக்கிறது. எங்கள் கூடத்தில் மட்டும் சமுத்திரம் வடியவில்லை. மாமியார் கடற்கரைக்கு இன்னும் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்குப் பொடிசுகள் வந்து விடுகின்றன. தினமும் மிதிபட்டு மீன்கள் கிழிவதால் ராத்திரி புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது. திருக்கைக்கு வால் விறைப்பாக நிற்க வேண்டுமென்று துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவுகிறார்கள். துடைப்பம் பாதியாகி விட்டது. நாளைக்குச் சுறா வெட்டுவதாக உத்தேசம். அதற்கு என் ஆபீஸ் கோப்பு அட்டைதான் தோது என்று பாட்டியும் பேத்தியும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.