ஆச்சி ஸ்டைல் கல்யாணம்!
"ஆச்சி மாதிரியே கல்யாணம் பண்ணணும்!" அக்கா அறிவித்ததும் வீடே 'ஞே'! தெர்மாகோல் மேடை கட். தோவாளை மாணிக்க மாலை ஓகே. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடிச்சு, பாய் மாதிரி தட்டையா பின்னுவாங்களே, 2025-ல புவிசார் குறியீடு வாங்கிச்சே, அதுதான். பந்தியில எரிசேரி, அவியல், மூணு பாயசம். (இதுல எனக்கு நோ அப்ஜெக்‌ஷன்!)

சிக்கல், ஆச்சியோட கறுப்பு வெள்ளை கல்யாண போட்டோவில் இருக்கிற அட்டிகை. என் இன்ஜினீயரிங் ஃபீஸுக்காக அடகுக்குப் போய், மூழ்கிப்போச்சு.

அக்கா அதைப்பத்தி என்கிட்ட பேசவே இல்லை. போட்டோவோட வடசேரிக்குப் போனா. வெள்ளியில தங்க ரேக்கு ஒட்டி, சிவப்புக் கல் பதிக்கிற கோயில் நகைக்குப் பேர்போன இடம். அதே டிசைன் கிடைச்சுது.

ஆச்சி கையில் வாங்கிப் பார்த்தா. "கொள்ளாம். நம்மளது இன்னும் கொஞ்சம் கனம், மக்கா!"

எனக்கு ரெண்டு அரியர் பாக்கி இருக்கு.