உட்கார்ந்த இடத்து நியாயம்

ரயில் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ஒரு நியாயம். பெட்டிக்குள் இருப்பவருக்கு வேறொரு நியாயம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் இரண்டு படிகள்தான். வண்டி வந்து நின்றதும், "உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது! கொஞ்சம் நகர்ந்தால் என்ன?" என்று மன்றாடுகிறார் ஒருவர். மூட்டையை முன்னே தள்ளி, தாமும் ஒருவாறு நுழைந்துவிடுகிறார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அவரே கதவை அடைத்து நின்றுகொண்டு, "இங்கே இடமே இல்லை ஐயா, வேறு பெட்டி பாரும்!" என்று கர்ஜிக்கிறார். இந்தக் காட்சியை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஆனாலும் அவரைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. கீழே நின்றபோது அவர் கண்ணுக்கு இடம் தெரிந்ததும் மெய். மேலே ஏறிய பின் தெரியாமற் போனதும் மெய்.

பிறரிடத்தில் நமக்குப் பொறுமை இல்லாமற் போவது பெரும்பாலும் குணக்கேடு அன்று, உட்கார்ந்திருக்கும் இடத்தின் கோளாறுதான் என்பது நமது அபிப்பிராயம். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் காலந்தள்ளி வந்ததில் இந்த அபிப்பிராயம் வலுத்திருக்கிறதே தவிரக் குறையவில்லை. பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுப் பொறுமைசாலி ஆனவரை நாம் சந்தித்ததில்லை. பிரசங்கம் நீண்டால் இருக்கிற பொறுமையும் போய்விடுவதைத்தான் பார்த்திருக்கிறோம். ஆனால், இடம் மாறி உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

1902-ம் வருஷத்தில், கல்கத்தாவில் கோகலேயின் விருந்தினராகத் தங்கியிருந்த காந்தியடிகள், அங்கிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்வதென்று தீர்மானித்தார். அப்போது அவரை மகாத்மா என்று யாரும் அழைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நன்றாகத் தொழில் நடத்திய பாரிஸ்டர் அவர். மேல்வகுப்புக்குக் காசில்லாமல் இல்லை. ஏழைப் பிரயாணிகள் படும் பாட்டை அவர்களுடைய பலகையிலேயே உட்கார்ந்து அறிய வேண்டும் என்பதே அவர் எண்ணம். கோகலே முதலில் பரிகாசம் செய்தார். காரணத்தைக் கேட்டதும் உற்சாகமாகச் சம்மதித்து, தின்பண்டம் நிறைந்த டிபன் டப்பா ஒன்றையும் கொடுத்து, ஸ்டேஷனுக்கே வந்து வழியனுப்பினார்.

பதினைந்து வருஷங் கழித்து, 1917 செப்டம்பரில், பம்பாயிலிருந்து நமது சென்னைக்கு மெயில் வண்டியில் வந்தார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் எழுதியிருந்த கணக்கு 22 பேர். ராய்ச்சூருக்கு அப்பால் நெரிசல் தாங்க முடியாமற் போய், இரவில் 35 பேர் வரையில் அடைந்து கிடந்தார்கள். சிலர் அழுக்கின் நடுவே தரையில் படுத்தார்கள். சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். கைகலப்பு நேராமல் வயதானவர்கள் சிலர் தடுத்தார்கள். இவற்றையெல்லாம் காந்தியடிகள் பத்திரிகைகளுக்கு எழுதினார். ரயில்வேக்காரர்களின் அலட்சியத்தை எழுதினார்; பிரயாணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் ஒளிக்காமல் எழுதினார். அத்துடன் ஒரு யோசனையும் சொன்னார். வைசிராய், பிரதம சேனாதிபதி, ராஜாக்கள், மகாராஜாக்கள், சட்டசபை அங்கத்தினர்கள் ஆகிய இவர்களெல்லாரும் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் போய்வர வேண்டும் என்பதே அந்த யோசனை. அவர்கள் மனம் மாற வேண்டும் என்று அவர் கெஞ்சவில்லை; ஆசனம் மாறினால் போதும் என்றார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் ஒழிந்தது. நெரிசல் அந்தப் பெயரோடு ஒழியவில்லை என்பதை முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால், எல்லா இடத்துக்கும் டிக்கெட் கிடைத்துவிடுகிறதா? வேறொருவருடைய பலகையில் போய் உட்காரலாம். வேறொருவருடைய கண்ணுக்குள் போய் உட்கார வழி ஏது?

சில வருஷங்களுக்கு முன் நமது வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஏழாம் வகுப்பு. இந்தியப் படம் வரைந்தால் கோடு அச்சடித்தாற்போல இருக்கும். வர்ணம் தீட்டச் சொன்னால் மட்டும் விபரீதம்: காடுகளெல்லாம் பழுப்பு, மலைகளெல்லாம் பச்சை. ஒரு நாள் அவன் தந்தை அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பையனுடைய முழங்காலுக்குக் கீழே பிரம்புத் தழும்புகள் தெரிந்தன. தாயார் இரண்டடி பின்னால் நின்றாள்.

"கடலுக்கு மட்டும் நீலம் பிசகாமல் போடுகிறான், ஸார். தரைக்கு வந்ததும் தெரியாமற் போய்விடுமா? இது திமிர்தான்!" என்றார் தந்தை.

அவரைக் கொடியவர் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸுக்குப் போய்வருகிறவர். பிள்ளையாவது முன்னுக்கு வரவேண்டும் என்ற ஒரே கவலை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது திமிராகத்தான் தெரியும். ஆனால், அந்த நீலத்தைப் பற்றிக் கேட்டதுமே நமக்கு வேறு சந்தேகம் பிறந்தது. தாயாரைப் பார்த்து, "உங்கள் பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, அம்மா?" என்று கேட்டோம்.

"எங்க அப்பாவுக்கு உண்டு, ஸார். பழுத்த மிளகாய் எது, காய் எது என்று கேட்டுக் கேட்டுத்தான் பறிப்பார். ஊரே சிரிக்கும்" என்றாள் அந்த அம்மாள். அவ்வளவு நேரமும் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத இந்தக் குறையை நிறக்குருடு என்கிறோம். பெயர் நன்றாயில்லை, குருட்டுத்தனம் அதில் ஒன்றும் இல்லை. பாட்டனிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருவது இதன் வழக்கம். மகளுக்குப் பெரும்பாலும் பார்வை சரியாகவே இருக்கும். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இது உண்டு. நம் நாட்டில் அவ்வளவு இல்லை. என்றாலும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் சிலராவது இருந்தே தீருவார்கள்.

இதை முதன்முதல் விவரமாக எழுதியவர், அணுக் கொள்கையால் பெயர்பெற்ற ஜான் டால்டன். அவருக்கே இந்தக் குறை உண்டு. இருபத்தாறு வயது வரையில் அது அவருக்குத் தெரியாது. மற்றவர்கள்தாம் வர்ணங்களுக்குப் பொருத்தமில்லாத பெயர்களைச் சொல்கிறார்கள் என்று எண்ணியிருந்தார்! 1792-ல், பகலில் நீலமாகக் கண்ட ஒரு பூ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாய்த் தெரிந்தது. நண்பர்களைக் கேட்டார், அவர்கள் அப்படி ஒரு மாறுதலும் காணவில்லை. அவருடைய சகோதரர் ஒருவர்தாம் ஆம் என்றார். 1794-ல் மான்செஸ்டரில் ஒரு சபையின் முன் இதை வாசித்தார். கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாயிருப்பதே காரணம் என்பது அவர் ஊகம். 1844-ல் அவர் இறந்த பின் கண்ணைச் சோதித்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் ஆராய்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டார்கள்: பச்சைக்கு உரிய உணர்ச்சி அதில் இல்லை. எவ்வளவு பெரிய அறிவாளி! அவராலும் தம் கண்ணைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.

பையனைக் கண் டாக்டரிடம் காட்டும்படி சொன்னோம். தந்தை நம்மையும் உடன் வரச் சொன்னார். டாக்டர் ஒரு புத்தகத்தை எடுத்தார். ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட படங்கள் அவை. பக்கந்தோறும் பல வர்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். முதல் பக்கத்தில் பையன் 12 என்று வாசித்தான். அது யாருக்கும் தெரிவது. அதற்கடுத்த பக்கங்களில் சிலவற்றைத் தப்பாகச் சொன்னான். சிலவற்றில் வெறும் புள்ளிதான் என்றான். தந்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் நாற்காலியின் நுனிக்கு வந்து, "நன்றாகப் பாரடா!" என்றார். "கண்ணெதிரே இருக்கிறதே!" என்றார்.

இன்னும் சில பக்கங்கள் புரண்டன. ஓரிடத்தில் டாக்டர் நிறுத்தினார்.

"5" என்றான் பையன், உடனே.

தந்தை புத்தகத்தைப் பார்த்தார். நாமும் பார்த்தோம். புள்ளிகள்தாம் தெரிந்தன. இயல்பான கண்ணுக்குத் தெரியாமல், இத்தகைய கண்ணுக்கே பெரும்பாலும் தெரியும்படி அமைத்த பக்கம் அது என்று டாக்டர் விளக்கினார். தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"எங்கேடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பையன் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் நின்று, புள்ளிகளின் மேல் விரலால் நிதானமாக எழுதிக் காட்டினான்.