நாம் எழுதிய மனு

பிழையற எழுதத் தெரிந்த எழுத்தருக்குக் குடியிருக்கும் இடத்தில் தனி மதிப்புண்டு. விண்ணப்பமோ, முறையீடோ, வாழ்த்துமடலோ, எதுவாயினும் அக்கம்பக்கத்தார் அவரைத் தேடி வருவர். மத்திய அரசுப் பணியில் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நாமும் அத்தகையோருள் ஒருவர். நாம் எழுதிக் கொடுத்ததால் நிலுவை ஓய்வூதியம் பெற்ற முதியவர் உண்டு. பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளும் உண்டு. ஆயின், எழுதாதிருந்திருக்கலாமே என்று இன்றளவும் நெஞ்சை உறுத்தும் மனு ஒன்றும் உண்டு. அதைப் பற்றியே இம்மலரில் எழுத முற்பட்டோம்.

2012ஆம் ஆண்டில் நமக்கு இம்பாலுக்கு மாற்றல் வந்தது. மணிப்பூரின் தலைநகராகிய அந்நகருக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், பர்மிய எல்லையை ஒட்டி, மோரே என்னும் ஊர் இருக்கிறது. 1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழருள் ஒரு பகுதியினர் அங்கே தங்கிக் கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். விடுமுறை நாட்களில் அங்குச் சென்று இட்டிலி உண்டு, வாய் நிறையத் தமிழ் பேசித் திரும்புவோம். நாம் மகிழ்ந்து சென்ற அதே சாலை வழியாகத்தான், ‘நம்பர் ஃபோர்’ என்று அவ்வூரார் அழைக்கும் ஹெராயினும் 1980களில் மணிப்பூருக்குள் பெருகி வந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நாம் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. ‘இமா’ என்பது அவர்கள் மொழியில் தாயைக் குறிக்கும் சொல். நாமும் அவரை அவ்வாறே அழைத்தோம். அவருடைய இளைய மகன் அமைதியானவன். நம் ஐந்து வயது மகளுக்குக் காகிதத்தில் படகு செய்து கொடுப்பான். கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிவான். அதன் காரணத்தை நாம் அன்று உணரவில்லை.

தெருக்கோடியில் ஒரு தொண்டு நிறுவனம் சிறு நிலையம் ஒன்றை நடத்தி வந்தது. ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் அங்கு வருவர். பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதைப் பெற்றுச் செல்வர். திருடனுக்கு ஏணி கொடுப்பது போலன்றோ இது என்று தெருவார் கொதித்தனர். நமக்கும் மகளைப் பற்றிய அச்சம் இருந்தது. 2013ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை ஐவர் வந்து, அந்நிலையத்தை அகற்றக் கோரி ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தருமாறு வேண்டினர். இரவோடிரவாக எழுதி முடித்தோம். ‘இளைஞரைக் கெடுக்கும் செயல்’ என்றும், ‘குற்றத்துக்கு உடந்தை’ என்றும் சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நினைத்துக்கொண்டே எழுதினோம். அதே நூலில் அருளுடைமை என்றோர் அதிகாரமும் உண்டு என்பது அன்று நினைவுக்கு வரவில்லை.

பத்து நாட்கள் சென்றபின், நிலையத்தின் ஊழியர் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் கையில் அந்த மனுவின் நகல் இருந்தது. “தாங்கள் ஆங்கிலம் நன்றாக எழுதுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். இதற்கு ஒரு மறுமொழி எழுதித் தர வேண்டும்” என்றார். எழுதியவர் யார் என்று அவர் அறியார். நம் முகம் கருத்தது.

அவர் அமர்ந்து விளக்கினார். தாமும் ஒருகாலத்தில் ஊசிக்கு அடிமையாயிருந்தவரே என்றார். 1989ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை, மணிப்பூரில் ஊசி போட்டுக்கொள்வோரின் இரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி. தென்படவில்லை. அடுத்த சுமார் ஆறு மாதங்களுக்குள், சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது காணப்பட்டது. நோய் போதைப்பொருளில் இல்லை. ஒருவர் குத்திய ஊசியில் தங்கிவிடும் துளி இரத்தத்தில் இருந்தது. சிரிஞ்சுடன் அகப்பட்டால் காவலர் பிடிப்பர் என்னும் அச்சம். கடைக்காரர் விற்க மறுத்தல். இவற்றால் ஓர் ஊசி பல கைகளுக்கு மாறியது. பெற்றோரே மனம் வெறுத்துப் பிள்ளைகளைச் சிறையில் வைக்கும்படி வேண்டிய காலமும் உண்டு. சிறை ஊசியைப் பிரித்தது, வேட்கையைப் பிரிக்கவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டில் மணிப்பூர் அரசு வகுத்த எய்ட்ஸ் கொள்கை, தூய ஊசி வழங்குவதை ஏற்றது.

“ஊசியை எண்ணிக் கொடுக்கிறோம், எண்ணித் திரும்பப் பெறுகிறோம். வராத ஊசியைத் தேடி நாங்களே வாய்க்காலில் இறங்குகிறோம். ஊசிக்காக வருபவனிடம்தான் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியும். வராதவனிடம் யார் பேசுவது?” என்று கேட்டார். ப்யூப்ரனார்ஃபின் மாத்திரையை நாள்தோறும் நாவின் அடியில் வைத்துக் கரைத்து, ஊசியையே விட்டொழித்தவர்களைப் பற்றியும் சொன்னார்.

எழுத வேண்டிய இடத்தில் நாம் எழுதவில்லை. “அலுவலக விதிகள் இடம் தரா” என்றோம். வந்தவர் நன்றி கூறி விடைபெற்றார்.

இரண்டு மாதங்களில் நிலையம் நகரின் மறுகோடிக்குச் சென்றது. தெருவார் நம்மைப் பாராட்டினர். அந்த மழைக்காலத்தில், வாய்க்காலோரம் விளையாடிய நம் மகள், மூடியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கையில் ஏந்தி வந்து நின்றாள். தேடி எடுக்க ஆளில்லாத ஊசி அது. நல்வேளையாகக் காயம் ஏதுமில்லை.

2015ஆம் ஆண்டில், நாம் ஊர் திரும்பப் பெட்டி கட்டிய வாரத்தில், இமா நம்மிடம் வந்து குரல் தாழ்த்திப் பேசினார். இளைய மகனுக்கு எச்.ஐ.வி. கண்டிருக்கிறதாம். முன்பெல்லாம் தெருக்கோடிக்குச் சென்று வந்தவன், நிலையம் தொலைவானபின் போவதை நிறுத்திவிட்டானாம். நம் மனுவினால்தான் நேர்ந்தது என்று எவரும் சொல்லவில்லை; அப்படி அறுதியிட்டுச் சொல்லவும் இயலாது. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மனுவை எழுதியவர் நாமே என்று மறுநாள் காலை இமாவிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நானும் அதில் கையெழுத்திட்டேனே, ஐயா” என்றார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதை வெளிக்கொணர்ந்தனர். எனவே இஃது எவரோ தொலைவிலுள்ளவருடைய நோய் என்று ஒதுங்க நமக்கு உரிமையில்லை. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, தமிழ்நாடும் மணிப்பூரும் முதல் மாநிலங்களின் வரிசையில் ஒருங்கே இருந்தன. அந்த மருந்தை உண்டுதான் இமாவின் மகன் இன்று நலமாக வாழ்கிறான். 2023 மே மாதத்தில் அம்மாநிலத்தில் கலவரம் மூண்டபோது, தொலைபேசியில் நாம் முதலில் கேட்டது, மருந்து கிடைக்கிறதா என்பதே.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய் பரவாதிருக்கத் தூய ஊசி வழங்குவது குற்றமாகாது என்பதை அச்சட்டத்தின் 22ஆம் பிரிவில் அலுவலக மேசையில் அமர்ந்து படித்தோம். ‘குற்றத்துக்கு உடந்தை’ என்று நாம் எழுதிய சொற்கள் கண்முன் நின்றன.

சங்கத்து அன்பர்களே, நம்முள் எழுதத் தெரிந்தவர் பலர். நாளை உங்கள் தெருவிலும் எவரேனும் இத்தகைய மனுவுக்காக வரக்கூடும். பேனாவை எடுக்குமுன், அகற்றக் கோரும் அவ்விடத்துக்கு ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். நம் வீட்டிலிருந்து அது நூறு அடி தொலைவில்தான் இருந்தது. நாம் ஒருநாளும் போகவில்லை.