72 மணி நேரம்

இல்லினாய் மாநிலத்தின் தென்மேற்கில் ஸ்பார்ட்டா என்ற சிற்றூர். ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை காலை. துப்பாக்கிக் கடையின் கதவில் சின்ன மணி கட்டியிருக்கிறது. கதவு திறக்கிறது. மணி அடிக்கிறது.

முதலில் உள்ளே வருவது நீளமான தோல் உறை. அப்புறம் அதைத் தூக்கி வரும் பெரியவர். கடைசியாக அவர் மனைவி, கைப்பையோடு. உறை பெரியவரின் இடது தோளில் தொங்குகிறது. கடைக்காரர் அந்தத் தோளை ஒரு முறை பார்க்கிறார்.

சுவரில் கிராண்ட் அமெரிக்கன் போட்டியின் சுவரொட்டி. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி, ஆகஸ்டில். 2005 வரை ஒஹாயோவின் வண்டேலியாவில் நடந்தது. 2006 முதல் இங்கே. 120 களங்கள் ஒரே வரிசையில் மூன்றரை மைலுக்கு நீள்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக கோல்ஃப் வண்டிகள் ஓடுகின்றன. நடக்க முடியாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. சுட முடிந்தால் போதும்.

கடைக்காரர் முதலில் கேட்பது அட்டை. இந்த மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க அட்டை வேண்டும். 1968-இல் வந்த சட்டம். பெரியவரின் வலது கை பின்பக்கப் பையை நோக்கிப் போகிறது. பாதி வழியில் நிற்கிறது. இடது கை முதுகைச் சுற்றி வந்து பணப்பையை உருவுகிறது.

மனைவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கத்திகளைப் பார்க்கிறார்.

உறையின் ஜிப் திறக்கிறது. வின்செஸ்டர் மாடல் 12. 1912-இல் அறிமுகமான ரகம். முன்கட்டையைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். கன்னம் பதியும் இடத்தில் மெருகு போய் மரம் வெளுத்திருக்கிறது. தோளில் பதியும் ரப்பர் அட்டை பழசு. கடைக்காரர் கட்டை விரல் நகத்தால் அதை அழுத்துகிறார். நகம் பதியவில்லை. ரப்பர் கல்லாகி வெகு நாளாகிறது.

யாரும் தோளைப் பற்றிப் பேசவில்லை. பெரியவர் குனியும்போது சட்டைக் கழுத்து விலகுகிறது. காறை எலும்பின் ஓரம் மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருக்கிறது. மனைவி கை நீட்டிக் கழுத்துப்பட்டியைச் சரி செய்கிறார்.

கடைக்காரர் தொங்கு தராசை எடுக்கிறார். பழைய துப்பாக்கி மூன்றரை கிலோவைத் தாண்டுகிறது. சுவரிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டுகிறார். 20 போர், மெலிந்த உடம்பு. 2.7 கிலோ.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால், அந்த உருண்டை போகும் குழல் 12 போர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். எண் ஏற ஏறக் குழல் இளைக்கிறது.

பெரியவர் 20 போரைத் தூக்குகிறார். சிரமமே இல்லாமல் தோளுக்குப் போகிறது. முகம் மலர்கிறது. பிறகு கட்டையில் கட்டியிருக்கும் விலைச்சீட்டைத் திருப்பிப் படிக்கிறார். சிறுவர்களுக்கானது என்று அச்சிட்டிருக்கிறது. துப்பாக்கி மேசைக்குத் திரும்புகிறது.

கடைக்காரர் வேறு காரணம் சொல்கிறார். கனம் குறைந்தால் கைக்குச் சுகம், தோளுக்குக் கேடு. அதே தோட்டா, இளைத்த துப்பாக்கி என்றால் உதை கூடும். கனத்த துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் அதைத் தூக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. நான்கு சுற்றென்றால் 100.

பெரியவர் தன் முன்கையைப் பார்க்கிறார். பிறகு தோளை. இரண்டும் ஒரே வயதுதான்.

அடுத்து வருவது பெரட்டா. பின்கட்டையின் நுனி நகர்கிறது. உள்ளே எண்ணெய் அடைத்த இரண்டு தணிப்பான்கள். கடைக்காரர் அதை மேசை விளிம்பில் வைத்து அமுக்குகிறார். உள்ளே போகிறது, மெல்ல வெளியே வருகிறது. ஆஸ்பத்திரிக் கதவு தானே மூடுவது போல. பெரியவர் இரண்டு முறை அமுக்கிப் பார்க்கிறார். மூன்றாவது முறை மனைவி அமுக்குகிறார். பெரியவர் விலைச்சீட்டைத் திருப்புகிறார். இந்த முறை படிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

மூன்றாவது, ரெமிங்டன் 1100. 1963-இல் வந்த ரகம். இது கை மாறி வந்த துப்பாக்கி. மரத்தில் கீறல்கள், உலோகத்தில் சுத்தம். கடைக்காரர் குழலைக் கழற்றுகிறார். குழலின் அடியில் சிறு துளைகள். தோட்டா வெடிக்கும்போது கொஞ்சம் வாயு இந்தத் துளை வழியே இறங்கிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பூட்டைத் திறக்கிறது. பூட்டு பின்னே ஓடி வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. இத்தனை வேலையும் கண் இமைப்பதற்குள். ஆனாலும் அந்த நேரம் தோளுக்குப் பெரிது.

உதை குறைந்துவிடவில்லை. தவணையில் வருகிறது.

கடைக்காரரின் உள்ளங்கையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். மோதிரத்தைவிடப் பெரிசு, காப்பைவிடச் சிறிசு. வாயு கசியாமல் தடுப்பது இதுதான். வெடித்துக் கிழிந்தால் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாது. மாற்றுவதற்கு இரண்டு வளையங்களைச் சின்ன உறையில் போட்டு மேசையில் வைக்கிறார். அதற்குக் காசு கேட்கவில்லை.

இப்போது அளவு. கடைக்காரர் பெரியவரைக் கண்ணை மூடச் சொல்கிறார். மூடிய கண்ணோடு துப்பாக்கி தோளுக்கு ஏறுகிறது, கன்னம் மரத்தில் சாய்கிறது. கண்ணைத் திறக்கிறார். குழலின் நுனி மணி நேர்க்கோட்டில் நிற்கிறது. மனைவி காருக்குப் போய்ச் சுடும்போது அணியும் மேல்சட்டையைக் கொண்டுவருகிறார். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி. இப்போது அடிக்கட்டை அக்குளில் சிக்குகிறது. அரை அங்குலம் குறைக்க வேண்டும். பென்சில் கோடு விழுகிறது.

மேசையில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். ஒன்று 32 கிராம் ரவை, பெரியவர் எப்போதும் வாங்குவது. அவர் கை அதன்மேல் இருக்கிறது. கடைக்காரர் மற்றதை நகர்த்துகிறார். 24 கிராம். பெரியவரின் கை அசையவில்லை.

"ஒலிம்பிக்கில சுடறதே 24 கிராம்தான்."

கை நகர்கிறது.

இனி தாள்கள். 4473 என்ற எண்ணுள்ள கூட்டாட்சிப் படிவம். சட்டத்துக்குத் தப்பி ஓடிக்கொண்டிருப்பவரா என்று ஒரு கேள்வி. பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி இரண்டு முறை படிக்கிறார். இல்லை என்ற கட்டத்தில் குறி போடுகிறார். குறி நடுங்கி, பக்கத்துக் கட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

துப்பாக்கி இன்று கிடைக்காது. விண்ணப்பித்த நேரத்திலிருந்து 72 மணி நேரம். ஆத்திரக்காரர்களின் ஆத்திரம் ஆறட்டும் என்று வைத்த சட்டம். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கிறார். 10.40.

பழைய துப்பாக்கியை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். பெரியவர் காதில் விழாதவர் போல ஜிப்பை இழுக்கிறார். அவர் காது அவ்வளவு மோசமில்லை.

மனைவி கல்லா அருகே நிற்கிறார். கொக்கியில் தொங்கும் ஒரு பொட்டலத்தை எடுக்கிறார். இரண்டு பிளாஸ்டிக் தோட்டாக்கள், சிவப்பு. மருந்தில்லை, ரவையில்லை. தனியாகக் காசு கொடுக்கிறார். கைப்பைக்குள் போடுகிறார்.

சனிக்கிழமை மாலை. ஊருக்கு வெளியே ஒரு கிளப். கூட்டம் கலைந்துவிட்டது. கடைசியாகக் கிளம்பும் கிழவரின் துப்பாக்கிக் கட்டையில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அந்தத் துப்பாக்கி விசையை இழுத்தால் வெடிக்காது. இழுத்த விரலை விட்டால் வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் உதை வாங்கிய விரல் இழுக்க மறுக்கும். மறுக்கும் விரலுக்காகச் செய்த விசை. அவர் கையசைக்கிறார். பெரியவர் அந்த ஒட்டுத்தாளைப் பார்க்காமல் கையசைக்கிறார்.

மாடல் 12 காரின் பின்சீட்டில், உறைக்குள். பெரியவரின் கையில் 1100.

தோட்டா போடுவது மனைவி. பெரியவர் புல்வெளியில் பதிந்திருக்கும் தாழ்ந்த வீட்டையே பார்க்கிறார். தட்டு அங்கிருந்துதான் கிளம்பும். 16 கஜம் தள்ளி அவர் நிற்கிறார். தட்டை விடச் சொல்ல, சுடுபவர் 'இழு' என்று ஆங்கிலத்தில் கத்துவார்.

"புல்!"

ஆரஞ்சுத் தட்டு எழுகிறது. 108 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. சத்தம். கறுப்புத் தூள். வெற்றுக் கூடு வலப்பக்கம் பறந்து புல்லில் விழுகிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் கையில் பட்டிருக்கும். தோள் பின்னே போகிறது. மெதுவாகப் போகிறது, மெதுவாக வருகிறது. பெரியவர் துப்பாக்கியை இறக்கி அதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்க்கிறார்.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது தப்புகிறது. ஐந்தாவது தூள்.

ஆறாவதற்கு மனைவியின் கை மேல்சட்டைப் பைக்குப் போகவில்லை. கைப்பைக்குப் போகிறது.

"புல்!"

சத்தமில்லை. ஒரு சொடுக்கு மட்டும். ஆனால் பெரியவரின் உடம்பு முன்னே பாய்கிறது. கண்கள் இறுக மூடுகின்றன. குழல் ஒரு சாண் குனிகிறது. வராத உதையைத் தோள் வாங்கிக்கொள்கிறது. தட்டு முழுசாகப் போய்த் தொலைவில் விழுகிறது.

யாரும் பேசவில்லை. மனைவி பூட்டுப் பிடியை இழுக்கிறார். சிவப்புத் தோட்டா புல்லில் விழுகிறது. அதை எடுத்துத் துடைக்கிறார்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார்.

ஏழாவது, எட்டாவது. வெயில் மஞ்சளாகிறது. வெற்றுக் கூடுகள் ஒரே இடத்தில் குவிகின்றன. பதின்மூன்றில் மறுபடி சிவப்பு. குழல் நான்கு விரல் குனிகிறது. பெரியவர் திரும்பவில்லை. மனைவி குனிந்து எடுக்கிறார். அவர் முழங்கால் சொடுக்குகிறது.

இருபத்தொன்றில் மறுபடி.

"புல்!"

சொடுக்கு. குழல் லேசாக அசைகிறது. பிறகு நேராகிறது. தட்டு போகும் வழியே கூடப் போகிறது. தட்டு தரையில் விழும்வரை அங்கேயே நிற்கிறது.

மனைவி சிவப்புத் தோட்டாவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடுகிறார்.

இன்னும் நான்கு தட்டு பாக்கி. பெரியவர் வீட்டையே பார்த்தபடி வலது கையைப் பின்னால் நீட்டுகிறார். தோட்டாவைத் தானே போட்டுக்கொள்ள. உள்ளங்கை விரிந்து காத்திருக்கிறது.