அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்

முகநூலில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு பொய். பாதிப் பொய் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு சொன்னதெல்லாம் சில்லறைப் பொய்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறதே, கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி வாழ்நாளெல்லாம் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். அங்கே ஒருநாள் போயிருந்தேன். இருந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம், வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிற அலமாரியைத் தேடுவதிலேயே போனது. ‘இன்று முழுக்க இவர்களோடு’ என்று எழுதிப் படத்தைப் போட்டேன். சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பற்றி, முதல்நாள் இரவு எங்கோ படித்ததை, பத்து வருஷம் அந்தக் குகையிலேயே குடியிருந்தவன் மாதிரி எழுதினேன். அறுபது, எழுபது லைக் வரும். யாருக்கும் நஷ்டமில்லை.

2021 மார்ச் 8, மகளிர் தினம். காலையிலேயே ஆளாளுக்கு அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடமும் ஓர் அம்மா இருக்கிறாள், அதுவும் சாதாரண அம்மா இல்லை என்று எனக்குத் தோன்றிய நேரம் நல்ல நேரம் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைத்தவர்கள், களை பறித்தவர்கள், பூ விற்றவர்கள் எல்லாம் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது, முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பாரில் உட்கார்ந்து, தொடை மரத்துப்போய், கீரனூர்ச் சந்தைக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன்.

இதை இப்படியே எழுதியிருந்தால் போதும். எழுதினேன். படித்துப் பார்த்தேன். உப்பில்லாத மாதிரி இருந்தது. அழுகை இல்லை, அடி இல்லை.

அதனால் அப்பாவைக் கொண்டுவந்தேன். அப்பா இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. ‘பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்’ என்று அம்மா கையில் இருந்ததைப் பிடுங்கிக் கண்மாய்க்குள் வீசினார். அம்மா தோட்டை விற்று, அவருக்குத் தெரியாமல் இருட்டில் பழகினாள். கடைசியில் இணையத்தில் கிடைத்த பழைய சைக்கிள் ஊர்வலப் படம் ஒன்றை எடுத்து, ‘இடமிருந்து இரண்டாவது என் அம்மா’ என்று போட்டேன். அந்தம்மா யாரோ. சேலைக்கட்டு மட்டும் கொஞ்சம் அம்மாவை மாதிரி இருந்தது.

ராத்திரிக்குள் 3,000 லைக் தாண்டிவிட்டது. வங்கி கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கிறவரின் பாஸ்புக்கை வாங்கி வைத்துவிட்டு, மடியில் செல்லை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ‘கண் கலங்கிவிட்டது தோழர்’ என்று வந்ததற்கெல்லாம் பொறுமையாகக் கும்பிடு போட்டேன். அடுத்த வருஷம் திருச்சியில் இரண்டு இடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். சைக்கிள் கண்மாயில் விழும் இடத்தில் என் குரல் தழுதழுக்கும். முதல் தடவை வரவழைத்தேன், இரண்டாவது தடவை தானாகவே வந்தது.

இதை எழுதும்போதும் ஒன்று உறுத்துகிறது. அப்படிப் பிடுங்கிய வீடுகள் இருந்தன. ரோட்டில் போகிற பெண்களை ஆம்பிளைகள் கூசாமல் பேசியதும் நடந்தது. யாரோ ஒரு பெண் நிஜமாகவே பட்ட அவமானத்தைத்தான் நான் இரவலுக்கு எடுத்து என் வீட்டுக்குப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு கல்லூரியில், அம்மாவையே மேடைக்குக் கூட்டி வாருங்கள், பொன்னாடை போர்த்துகிறோம் என்றார்கள். நேரே ஊருக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எதுக்குப்பா பொன்னாட? நான் என்ன செஞ்சேன்?”

“ஒன்னப் பத்தி எழுதியிருக்கேன்மா. எல்லாரும் படிச்சிட்டு அழுதுட்டாங்க.”

“அழுதாகளா? குடு பாப்பம்.”

“நான் படிச்சுக் காட்டுறேன்.” நல்ல இடங்களை மட்டும் படித்துக்காட்டிவிடலாம் என்று மனதுக்குள் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

“நீ எதுக்குப் படிக்கணும்? எனக்குத் தெரியாதா?”

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அம்மா எழுத்துக்கூட்டிப் பழகியதை மூவாயிரம் பேருக்குச் சொன்னவன் நான். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு செல்லை வாங்கினாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. விரலை வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். விரல் பட்டதும் திரை நகர்ந்துவிடும். மறுபடி தேடிப் பிடிப்பாள். முதல் பத்தி முடிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி வந்து மொச்சையைக் கொத்தியது. அதை விரட்ட வேண்டும் என்று தோன்றியும் எனக்குக் கை எழவில்லை. அடுத்த பத்தியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. விரல் ஒவ்வொரு வார்த்தையாக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“கையி...ல் இரு...ந்த சை...க்கி...ளைப் பி...டுங்...கி...”

நின்றாள். திரும்ப முதலிலிருந்து கூட்டினாள். தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். மூன்றாவது தடவை சத்தம் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

செல்லைத் திண்ணையில் வைத்தாள். “இது யாரு வீட்டுக் கதப்பா?” என்றாள். கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

நான் பேசவில்லை.

“கேரியரப் புடிச்சுக்கிட்டு கண்மாக் கரையில ஓடியாந்தது யாரு? நான் மேல வுட்டு ஏத்தி, முட்டி பொளந்து, காப்பித்தூள அப்பிக்கிட்டு ஒரு வாரம் நொண்டுனது யாரு? கருப்பருக்கு நேந்துவிட்ட கெடாய வித்து சைக்கிள் வாங்கிட்டு, ஒங்க அப்பத்தாகிட்ட ஆறு மாசம் ஏச்சு வாங்குனது யாரு?”

எனக்கு எல்லாம் தெரியும். அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது அது நினைவுக்கும் வந்தது. மகளிர் தினத்துக்கு அது உதவாது என்று தள்ளிவைத்தேன்.

படத்தைக் காட்டி, “இந்தப் பொண்ணு யாரு, லெச்சணமா இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு மொச்சையை எடுத்துக்கொண்டாள்.

கல்லூரிக்குப் போன் செய்து, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றேன். அதுவும் பொய்தான். சித்தப்பா காதுக்கு விஷயம் ஏற்கெனவே போயிருந்தது. அண்ணனைக் குடும்பத்தோடு சந்தி சிரிக்க வைத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் அப்பா தெவசத்துக்கு அவர் வரவில்லை. இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை.

பழைய பதிவை நீக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். 23 லைக். நீக்கியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் அது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. போன வருஷம் வந்ததில் என் பெயர் இல்லை. வேறு யாரோ ‘என் அம்மா’ என்று போட்டுக்கொண்டிருந்தார். கண்மாய் மட்டும் ஆறாகியிருந்தது. படத்தில் அதே இரண்டாவது பெண்.

23 பேரில் அம்மாவும் உண்டு. அக்கா மகளின் செல்லை வாங்கி, இரண்டு மாலை உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டாளாம். ஒரு தப்பும் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவுக்கு அடிபட்டது இடது முட்டி என்று எழுதியிருந்தேன். வலது முட்டியாம். திருத்திவிட்டேன்.