குற்றாலத்தை விட்டுட்டு பாலருவிக்கா?

கோவில்பட்டியில் இருந்து ஆண்டுதோறும் ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் வந்துவிடும் குடும்பம் அது. ஆச்சிக்கு இது முப்பது வருடப் பழக்கம். மெயினருவியில் ஒரு குளியல், குற்றாலநாதருக்கு ஒரு கும்பிடு, மறுபடி ஐந்தருவியில் ஒரு குளியல். தாத்தா இருந்தவரை இந்த வரிசை மாறியதே இல்லை.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவியில் பெண்கள் வரிசை கடைத்தெரு வரை நீண்டது. ஆச்சியின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. "அத்தை, பாலருவிக்குப் போவமா? முக்கால் மணி நேரந்தான்" என்றாள் மருமகள். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குற்றாலத்துக்கு வந்துட்டு வேற தண்ணியில குளிக்கவா?"

பேரன் பிடிவாதம் வென்றது. செங்கோட்டைக்கு முன்பாக வரும் பிரானூர் பார்டரில் புரோட்டா வாசனை காருக்குள் நுழைந்தது. பார்டர் கடை என்றாலே சாப்பாட்டுப் பிரியர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் இங்கே ஏது பார்டர்? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, எல்லை இங்கேதான். எல்லை மேற்கே நகர்ந்துபோய்விட்டது, பெயர் மட்டும் நகரவில்லை.

அடுத்து புளியறை. வயலும் தென்னையும் மலையடிவாரம் வரை பச்சை விரித்துக் கிடக்க, தட்சிணாமூர்த்தி கோயிலுக்கு வருகிறவர்களின் வண்டிகள் ஓரமாக நிற்கின்றன. சோதனைச் சாவடியில் வைக்கோல் லாரிகளின் வரிசை. அதைத் தாண்டியதும் எஸ் வளைவு. லாரி ஒன்று மூச்சுவாங்கி ஏற, பின்னால் வருகிறவர்கள் பொறுமையாக ஊர்ந்தே ஆகவேண்டும். முந்திப் பார்க்கிற இடமல்ல இது. மேலே கோட்டைவாசல், அதற்கு அப்பால் கேரளா. ஆரியங்காவு வந்ததும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடுகின்றன.

பாலருவியின் நடைமுறையே வேறு. வனத்துறையின் நுழைவாயிலில் காரை நிறுத்திவிட்டு டிக்கெட் எடுத்து, அவர்களுடைய பஸ்ஸில்தான் காட்டுக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் போகவேண்டும். அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜி இல்லை, நேந்திரம் சிப்ஸ் பொரிக்கும் சட்டி இல்லை, எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை. "ஒரு கடைகூட இல்லையே, இது என்ன அருவி?" என்று ஆச்சி முதல் குறையைச் சொன்னார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது இரண்டாவது குறை: நடை. மருமகள் கைகொடுத்தாள். மரங்களுக்கு நடுவே, சுமார் 300 அடி உயரப் பாறையில் தண்ணீர் வெள்ளையாகச் சிதறி இறங்குவது தெரிந்ததும் ஆச்சி பேசவில்லை. பால் போல விழுவதால் பாலருவி. பெயருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தலையில் விழுந்தபோதுதான் வித்தியாசம். குற்றாலத்துத் தண்ணீர் முதுகில் அடித்துப் பிடித்துவிடும்; நின்று வாங்கக் கம்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆச்சி ஓரமாக நின்ற இடத்தில் தண்ணீர் அவ்வளவு முரட்டுத்தனம் காட்டவில்லை. ஆனால் குளிர் எலும்பில் இறங்கியது. "ஏலே, இந்தத் தண்ணி எங்க போவுது?" என்று கேட்டார். பேரன் போனில் தேடிச் சொன்னான்: கல்லடை ஆற்றோடு அரபிக் கடலுக்கு. குற்றாலத்துச் சிற்றாறோ தாமிரபரணியில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஒரே மலை, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு அருவிகள்.

"உங்க தாத்தா இதைப் பாக்காமலே போயிட்டாக" என்றார் ஆச்சி. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னதால் அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பாலருவியில் மாலையோடு கதவு மூடிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். கோடையில் தண்ணீர் வற்றினாலும், மழையில் வெள்ளம் பெருகினாலும் அனுமதி கிடையாது; விசாரித்துவிட்டுப் போவது நல்லது. மாற்றுத்துணியோடு பூச்சிகளுக்குப் பயந்தவர்கள் முழுக்கால் உடையும் வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வேண்டாம்.

திரும்பும்போது புளியறை இறக்கத்தில் மறுபடி சாரல் பிடித்தது. கோவில்பட்டிக்கு நேராக வண்டியை விடப் போன மகனை ஆச்சி தடுத்தார். இரவு பத்து மணிக்கு மெயினருவியில் கூட்டம் குறைந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, ஆச்சி இன்னொரு முறை தலையைக் கொடுத்தார்.