பெயரில்லா முகப்பு

பிள்ளைச்சாவடியிலிருந்து புதுவைக்குப் பேருந்தேறிச் சென்று எம்.பில். ஆய்வுக்காக நூலகங்களில் அலைந்த நாளில்தான் அத்தமிழ்–பிரெஞ்சு அகராதியைக் கையில் எடுத்தோம். புதுவை மிஷன் அச்சகத்தார் 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. முகப்பில் ஆசிரியர் பெயரைத் தேடினோம். 'மறைப்பணியாளர் இருவர்' என்னும் பொருள்பட ஒரு வரி உண்டு, பெயர் இல்லை!

அவ்விருவர் மூசே, துப்புய் அடிகளார்கள். 1832இல் பிரான்சிலிருந்து புதுவை வந்த துப்புய் அடிகளார் 1844இல் பெண் கல்விக்கெனக் கன்னியர் சபையொன்றை நிறுவினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற காலம் அது. (நம் இல்லங்களிலும் அக்கேள்வி வெகுநாள் ஒலித்ததன்றோ?) 1874இல் மறைந்தார்.

அன்றிரவு நமது ஆய்வேட்டு முகப்பை எடுத்து வைத்துப் பார்த்தோம். பெயர், பட்டம், பதவி. யாவும் பெரிய எழுத்தில். எட்டிப் பார்த்த அத்தா கேட்டார்: "தலைப்பு எங்கே இருக்கு?"